கடல்சார் ரேடாரில் பொய் எதிரொலிகளும் மறைபகுதிகளும்

கடல்சார் ரேடாரில் பொய் எதிரொலி என்பது, எப்பொருளும் இல்லாத ஓரிடத்தில் பொருள் இருப்பதாகத் திரையில் தோன்றும் குறியைக் குறிக்கும். மறைபகுதி என்பது இதற்கு நேர்மாறானது. அங்கு பொருள் இருந்தும் திரையில் குறி தோன்றாது. மறைபகுதியைக் குருட்டுப் பகுதி என்றும் கூறுவர். இவை இரண்டும் பெரும்பாலும் கருவியின் பழுதால் ஏற்படுவன அல்ல. வானலைகள் தெறித்தல், வளைதல், தடைபடுதல் ஆகிய இயல்பான நிகழ்வுகளின் விளைவுகளே இவை. எனவே மிகச் சிறந்த ரேடாரிலும் இவற்றை முற்றிலும் நீக்க இயலாது. இவற்றை இனங்கண்டு கொள்வது கப்பல் அலுவலர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியின் முக்கியமான பகுதியாகும்.

ரேடார் (தமிழில் கதிரலைக் கும்பா எனவும் வழங்கப்படுகின்றது) காட்டும் திரை கடலின் ஒளிப்படம் அன்று. திரும்பி வந்த அலைகளைக் கொண்டு கருவி செய்யும் ஊகமே திரையில் தெரிகின்றது. அந்த ஊகம் எப்பொழுது தவறுகின்றது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

மலையில் எதிரொலியும் நிழலும்

இவ்விரு நிகழ்வுகளையும் கடலைக் காணாதவரும் மலைப்பகுதியில் உணரலாம். தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், ஏலமலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ளது. ஊருக்கு மேற்கே மலை ஒரு சுவர் போல எழுகின்றது. போடிமெட்டு செல்லும் மலைச்சாலையில் பள்ளத்தாக்கை நோக்கி நின்று ஒருவர் குரல் எழுப்பினால், எதிரே உள்ள பாறைச்சரிவில் பட்டு ஒலி திரும்பும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். எனவே எதிரொலி 2 நொடிகளில் கேட்டால் சரிவு 340 மீட்டர் தொலைவில் உள்ளது எனக் கணிக்கலாம். சில இடங்களில் ஒரே குரல் இரண்டு மூன்று முறை கேட்கும். ஒலி ஒரு சரிவில் பட்டு, வேறொரு சரிவுக்குச் சென்று, அதன் பின்னர் காதை அடைவதே இதன் காரணம். கேட்பவர் ஒவ்வோர் எதிரொலியையும் ஒரு தனிச் சரிவாக எண்ணினால், இல்லாத மலையை இருப்பதாகக் கொண்டவராவார். இதுவே பொய் எதிரொலி.

அதே ஊரில் மாலையில் கதிரவன் தொடுவானத்தை அடைவதற்கு முன்னரே மலைக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றது. மலையின் நிழல் ஊரின் மீது விழும்பொழுது கீழே வெயில் இருக்காது. ஆனால் அந்நேரத்திலும் மலைக்கு அப்பால் தேவிகுளம், மூணாறு பகுதிகளில் வெயில் இருக்கும். போடியில் இருந்து பார்ப்பவருக்கு அப்பகுதிகள் தெரிவதில்லை. அங்கு ஒன்றும் இல்லை என்பதன்று இதன் பொருள், பார்வைக்கோடு தடைபட்டுள்ளது என்பதே. இதுவே மறைபகுதி.

கடல்சார் ரேடார் இயங்கும் முறை

ரேடாரின் ஆண்டெனா குறுகிய வானலைத் துடிப்புகளை ஒரு திசையில் அனுப்பி, அவை பொருளில் பட்டுத் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கின்றது. வானலையின் வேகம் நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் ஆதலால், 1 மைக்ரோநொடியில் திரும்பும் எதிரொலி 150 மீட்டர் தொலைவைக் குறிக்கும். ஒரு கடல் மைல் (1,852 மீட்டர்) தொலைவில் உள்ள பொருளின் எதிரொலி ஏறத்தாழ 12.35 மைக்ரோநொடிகளில் திரும்பும். ஆண்டெனா சுழன்று கொண்டே இருப்பதால், எதிரொலி வந்த கணத்தில் அது நோக்கிய திசையே பொருளின் திசை எனக் கொள்ளப்படும்.

கப்பல்களில் இருவகை அலைவரிசைகள் பயன்படுகின்றன.

- எக்ஸ் பட்டை: அதிர்வெண் ஏறத்தாழ 9 கிகாஏர்ட்சு, அலைநீளம் 3 செ.மீ. நுணுக்கமான படம் தரும். மழையால் பெரிதும் பாதிக்கப்படும்.
- எசு பட்டை: அதிர்வெண் ஏறத்தாழ 3 கிகாஏர்ட்சு, அலைநீளம் 10 செ.மீ. நுணுக்கம் குறைவு. மழையை ஊடுருவும் திறன் மிகுதி.

இக்கணக்கீட்டில் கருவி மூன்று எடுகோள்களைக் கொள்கின்றது.

1. அலை நேர்கோட்டில் சென்று அதே வழியில் திரும்பியது.
2. அலை ஆண்டெனா நோக்கிய திசையில் மட்டுமே சென்றது.
3. திரும்பி வந்தது கடைசியாக அனுப்பிய துடிப்பே.

இம்மூன்றில் ஒன்று பிழைத்தாலும் பொய் எதிரொலி தோன்றும். கீழ்க்காணும் வகைகள் அனைத்தும் இவற்றுள் ஏதேனும் ஒன்றின் பிழையே என்பதை நினைவிற்கொண்டால் அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பொய் எதிரொலிகளின் வகைகள்

மறைமுக எதிரொலி

கப்பலின் புகைபோக்கி, கம்பம், பளுதூக்கி, அடுக்கிய சரக்குப் பெட்டகங்கள் ஆகியன கண்ணாடி போலச் செயல்பட்டு அலையை வேறு திசைக்குத் திருப்பக்கூடும். அத்திசையில் ஒரு கப்பல் இருந்தால் அதன் எதிரொலி அதே வழியே திரும்பும். கருவியோ ஆண்டெனா அப்பொழுது நோக்கிய திசையில், அதாவது புகைபோக்கியின் திசையில், கப்பல் ஒன்று இருப்பதாகக் காட்டும். தொலைவு மட்டும் உண்மைக் கப்பலின் தொலைவுக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும். உண்மையான குறியும் வேறு திசையில் உடன் தெரியும்.

தெறிக்கச் செய்யும் பரப்பு கப்பலோடு பொருத்தப்பட்டது. ஆகவே கப்பல் சற்றுத் திரும்பினாலும் பொய்க்குறி கப்பலின் முன்பக்கத்தைப் பொறுத்து அதே கோணத்தில் நிற்கும், அல்லது மறைந்துவிடும். உண்மையான பொருளின் திசைகாட்டித் திசை அவ்வாறு மாறுவதில்லை.

பன்முறை எதிரொலி

இரு பெரிய கப்பல்கள் பக்கவாட்டில் நெருங்கிக் கடக்கும்பொழுது அலை இரண்டிற்கும் இடையே பலமுறை சென்று திரும்பும். திரையில் ஒரே திசையில், சம இடைவெளியில், படிப்படியாக மங்கும் குறிகள் தோன்றும். உண்மைக் கப்பல் 1 கடல் மைல் தொலைவில் இருந்தால் பொய்க்குறிகள் 2, 3 கடல் மைல் தொலைவுகளில் அமையும். மிக அருகில் உள்ள குறியே உண்மையானது. பெருக்கத்தைக் குறைத்தால் மற்றவை மறையும்.

பக்கமடல் எதிரொலி

எந்த ஆண்டெனாவும் தன் ஆற்றல் முழுவதையும் ஒரே கற்றையாக அனுப்புவதில்லை. முதன்மைக் கற்றையின் இருபுறமும் வலிமை குறைந்த பக்கமடல்கள் உள்ளன. அருகில் உள்ள பெரிய பொருள் இவற்றிற்கும் எதிரொலி தரும். இதனால் உண்மைக் குறியின் இருபுறமும் அதே தொலைவில் சிறு குறிகள் வில் போல அமையும். சில வேளைகளில் அவை இணைந்து ஒரு வளையமாகவும் தெரியும்.

இரண்டாம் சுற்று எதிரொலி

ஒரு துடிப்பின் எதிரொலி, அடுத்த துடிப்பு அனுப்பப்பட்ட பின்னர் வந்து சேர்ந்தால், கருவி அதனைப் புதிய துடிப்பின் எதிரொலியாகக் கருதும். நொடிக்கு 1,000 துடிப்புகள் அனுப்பும் ரேடாரில் இரு துடிப்புகளுக்கு இடையே அலை சென்று திரும்பக்கூடிய தொலைவு 150 கி.மீ. எனவே 165 கி.மீ. தொலைவில் உள்ள பொருள் 15 கி.மீ. தொலைவில் உள்ளதாகக் காட்டப்படும்.

இவ்வளவு தொலைவில் உள்ள பொருளை ரேடார் காணுமா என்னும் ஐயம் எழலாம். ரேடாரின் தொடுவானத்தைக் கடல் மைலில் கணிக்க, ஆண்டெனா உயரம், பொருளின் உயரம் (இரண்டும் மீட்டரில்) ஆகியவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி 2.23 ஆல் பெருக்க வேண்டும். 25 மீட்டர் உயர ஆண்டெனாவுக்கு இது ஏறத்தாழ 11 கடல் மைல். ஆனால் ஏலமலைப் பகுதியின் வடக்கே உள்ள ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். அதற்குரிய தொலைவு மட்டுமே ஏறத்தாழ 116 கடல் மைல். இரண்டும் சேர்ந்து 127 கடல் மைல், அதாவது சுமார் 235 கி.மீ. ஆகின்றது. கொச்சிக்கு மேற்கே 75 கி.மீ. தொலைவில் செல்லும் கப்பலுக்கும் ஆனைமுடிக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 165 கி.மீ. மட்டுமே. எனவே அரபிக்கடலில் செல்லும் அக்கப்பலின் ரேடாருக்கு இம்முகடு தொடுவானத்திற்கு மேலேயே உள்ளது. எதிரொலி போதிய வலிமையுடன் திரும்பினால், திறந்த கடலில் 15 கி.மீ. (8 கடல் மைல்) தொலைவில் ஒரு குறி தோன்றும்.

இக்குறியில் இரு தடயங்கள் உள்ளன. முதலாவது, அதன் வடிவம். கோணம் மாறாமல் தொலைவு மட்டும் குறைவதால் 20 கி.மீ. அகலமான முகடு 2 கி.மீ.க்கும் குறைவான அகலமுடையதாகச் சுருங்கும். நேரான கரையோரம் கப்பலை நோக்கி ஆப்பு போலக் குவிந்து தெரியும். இரண்டாவது, அதன் இயக்கம். கப்பல் வடக்கு நோக்கி 12 நாட் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். 165 கி.மீ. தொலைவில் உள்ள மலையின் திசை மிக மெதுவாகவே மாறும். கருவியோ அதே கோண மாற்றத்தை 15 கி.மீ. தொலைவில் உள்ள பொருளின் மாற்றமாகக் கணக்கிடும். விளைவாக, அசையாத மலை ஏறத்தாழ 11 நாட் வேகத்தில் கப்பலுக்கு இணையாக வடக்கே செல்லும் மற்றொரு கப்பலாகத் திரையில் தோன்றும்.

துடிப்புகளின் எண்ணிக்கை மாறினால் இப்பொய்க்குறி இடம் மாறும் அல்லது மறையும். தொலைவு அளவீட்டை மாற்றும்பொழுது பல ரேடார்களில் துடிப்பு எண்ணிக்கையும் மாறுவதால் இச்சோதனை எளிது. தற்கால ரேடார்களில் துடிப்புகளின் இடைவெளி வேண்டுமென்றே சிறிது மாற்றப்படுவதால் இவ்வகை எதிரொலிகள் பெரிதும் குறைந்துள்ளன.

வானலைப் பாதையின் வளைவு

கடற்பரப்பின் மீது குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேல் வெப்பமான உலர்காற்றும் இருக்கும்பொழுது, வானலை கீழ்நோக்கி வளைந்து கடல்மட்டத்தை ஒட்டியே குழாய்க்குள் செல்வது போல நெடுந்தொலைவு செல்லும். அரபிக்கடல் இதற்குப் பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போரின்பொழுது பம்பாயில் நிறுவப்பட்டிருந்த, 200 மெகாஏர்ட்சு அதிர்வெண்ணில் இயங்கிய ரேடார், 1,000 மைலுக்கும் அப்பால் உள்ள அரேபியக் கரையின் எதிரொலிகளைப் பெற்றது. இவை பொருள் இல்லாத எதிரொலிகள் அல்ல. அவற்றின் தொலைவே பொய்.

பாலங்களும் மின்கம்பிகளும்

நீர்வழிக்குக் குறுக்கே செல்லும் மின்கம்பி, ரேடார் அலை அதன் மீது செங்குத்தாகப் படும் ஒரு புள்ளியில் இருந்து மட்டுமே எதிரொலி தரும். எனவே கம்பி முழுவதும் தெரியாமல் ஒரு சிறு படகு போலத் தெரியும். கப்பல் ஒதுங்கினால் செங்குத்துப் புள்ளியும் உடன் நகரும். ஆகவே அப்படகு எப்பக்கம் ஒதுங்கினாலும் எதிரே வந்து மோத முற்படுவது போலத் தோன்றும். பெரிய இரும்புப் பாலங்களின் அருகே மறைமுக எதிரொலிகளும் பன்முறை எதிரொலிகளும் கலந்து தோன்றும். பாம்பன் கால்வாய் போன்ற, பாலங்களுக்கு இடையே கடக்க வேண்டிய குறுகிய நீர்வழிகளில் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

பிற கப்பல்களின் குறுக்கீடு

அருகில் உள்ள கப்பலின் ரேடாரும் அதே அலைவரிசையில் இயங்கினால் திரையில் புள்ளிகளாலான சுருள் கோடுகள் தோன்றும். இவை ஒவ்வொரு சுழற்சியிலும் இடம் மாறுவதால் எளிதில் இனங்காணப்படும்.

மறைபகுதிகள்

கப்பலின் அமைப்பால் உண்டாவன

ஆண்டெனாவின் மட்டத்தில் உள்ள எந்தக் கட்டமைப்பும் தனக்குப் பின்னால் நிழலை உண்டாக்கும். 0.5 மீட்டர் விட்டமுள்ள கம்பம் ஆண்டெனாவில் இருந்து 5 மீட்டர் தொலைவில் இருந்தால் அது ஏறத்தாழ 5.7 பாகைக் கோணத்தை மறைக்கும். 10 மீட்டர் தொலைவில் இருந்தால் 2.9 பாகையை மறைக்கும். அலை முற்றிலும் தடைபடும் பகுதி குருட்டுப் பகுதி எனவும், வலிமை குறைந்த அளவில் அலை செல்லும் பகுதி நிழற்பகுதி எனவும் வேறுபடுத்தப்படுகின்றன. நிழற்பகுதியில் பெரிய கப்பல் தெரியும், சிறு படகு தெரியாது. எனவே அங்கு ஒரு குறி தெரிவதை வைத்து அப்பகுதி முழுதும் நன்கு தெரிகின்றது எனக் கொள்ளுதல் தவறாகும்.

கப்பலின் முன்பகுதியும் (அணியம்) நிழல் தரும். 30 மீட்டர் உயரத்தில் ஆண்டெனாவும், அதற்கு 200 மீட்டர் முன்னால் 15 மீட்டர் உயரத்தில் அணியமும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் இணைக்கும் கோடு அணியத்திற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் சென்றே நீரைத் தொடும். அந்த 200 மீட்டருக்குள் தாழ்வாக உள்ள வள்ளம் அல்லது கட்டுமரம் ரேடாரின் நேர்ப்பார்வைக்கு வெளியே இருக்கும். உயரமாக அடுக்கிய பெட்டகங்கள் இத்தொலைவை மேலும் நீட்டிக்கின்றன.

அண்மைத் தொலைவு

துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கும் வரை கருவியால் எதிரொலியைக் கேட்க இயலாது. 0.05 மைக்ரோநொடித் துடிப்பு 7.5 மீட்டரையும், 1 மைக்ரோநொடித் துடிப்பு 150 மீட்டரையும் இவ்வாறு மறைக்கின்றன. இதனாலேயே அருகில் உள்ளவற்றைக் காணக் குறுந்துடிப்பு பயன்படுத்தப்படுகின்றது.

ஒன்றையொன்று மறைத்தல்

கற்றையின் அகலம் 1.3 பாகை எனில், 6 கடல் மைல் தொலைவில் அது ஏறத்தாழ 250 மீட்டர் அகலம் கொண்டது. அதற்குள் அருகருகே ஒரே தொலைவில் செல்லும் இரு படகுகள் ஒரே குறியாகத் தெரியும். இழுவைக் கப்பலும் அது இழுக்கும் தெப்பமும் நேர் எதிரே வரும்பொழுது, முன்னது பின்னதை மறைக்கக்கூடும்.

கடலலையும் மழையும்

காற்று வீசும் திசையில் அருகில் உள்ள அலைகளின் எதிரொலிகள் திரையின் நடுவில் வெண்திட்டாகச் சேரும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், வாடை வீசும் நாட்களில், சிறு படகின் குறி இத்திட்டுக்குள் அமிழ்ந்துவிடும். மழைத்துளிகள் எக்ஸ் பட்டையில் எசு பட்டையைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வலிமையாக எதிரொலிக்கின்றன. மழைக்குள் இருப்பதும் மழைக்குப் பின்னால் இருப்பதும் இதனால் மறைகின்றன.

இவற்றைக் குறைக்கக் கடலலைக் கட்டுப்பாடு, மழைக் கட்டுப்பாடு என்னும் திருகுகள் உள்ளன. அளவு மீறித் திருகினால் இரைச்சலோடு படகும் மறையும். திரை தூய்மையாகத் தெரியும், ஆனால் அத்தூய்மை கருவியை இயக்குபவர் தாமே உண்டாக்கிய மறைபகுதியாகும்.

ஏலமலையும் வானிலை ரேடாரும்

கடலுக்குப் பொய்த்தீவாகத் தெரியக்கூடிய இதே மலைத்தொடர், நிலத்தில் நிறுவிய ரேடாருக்கு மறைபகுதியை உண்டாக்குகின்றது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் வானிலை ரேடார்களில் ஒன்று கொச்சியில் உள்ளது. அங்கிருந்து போடிநாயக்கனூர் நேர்கோட்டில் சுமார் 120 கி.மீ. தொலைவில் உள்ளது. கொச்சியில் தொடங்கி மூணாறு, போடிமெட்டு, போடி, மதுரை வழியாகத் தொண்டி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 85 கடப்பதும் இம்மலையையே.

கொச்சியில் இருந்து 95 கி.மீ. தொலைவில் 2,000 மீட்டர் உயர முகடு ஒன்று குறுக்கே நிற்பதாகக் கொண்டு, புவியின் வளைவையும் வானலையின் இயல்பான வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதனைத் தாண்ட ரேடார்க் கற்றை ஏறத்தாழ 0.9 பாகை மேல்நோக்கி இருக்க வேண்டும். அவ்வாறு தாண்டிய கற்றை போடிக்கு மேலே வரும்பொழுது கடல்மட்டத்தில் இருந்து 2.7 கி.மீ. உயரத்தை அடைந்திருக்கும். அதற்குக் கீழே மலைச்சரிவில் தவழும் முகிலும் அதன் மழையும் கொச்சி ரேடாருக்குத் தெரிவதில்லை. முகட்டின் மேற்குப் பக்கமோ நிலையான எதிரொலியாகத் திரும்பி, மழை போலத் தோன்ற முற்படும். அசையாத பொருளின் எதிரொலியில் டாப்ளர் விலகல் இல்லாததால் அதனை வடிகட்டி நீக்குகின்றனர்.

ஏலத்தோட்டத்தில் பணிபுரிவோருக்கும் மலைச்சாலையில் செல்வோருக்கும் இது வெறும் கணக்கன்று. திரையில் நிறமின்றி இருக்கும் பகுதி மழையற்ற பகுதி எனக் கொள்ளப்பட்டால், மண்சரிவுக்குக் காரணமாகக்கூடிய மழை கவனிக்கப்படாமல் போகலாம். இத்தகைய இடங்களில் தரையில் வைத்த மழைமானிகளும், வேறு திசையில் இருந்து காணும் ரேடார்களும், செயற்கைக்கோள் படங்களும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும். ஒரு கண் காணாததை மற்றொரு கண்ணால் காணும் இம்முறையே கடலிலும் பின்பற்றப்படுகின்றது.

சிறு படகுகள்

மறைபகுதியின் விளைவை மிகுதியாக எதிர்கொள்பவர்கள் மீனவர்கள். மரமும் கண்ணாடி நாரிழையும் வானலையை நன்கு எதிரொலிப்பதில்லை. படகின் உயரமும் குறைவு. அலைகளின் பள்ளத்தில் இறங்கும்பொழுது அது முற்றிலும் மறைந்துவிடும்.

மேற்குக் கடற்கரையில் கப்பல்கள் மீன்பிடிப் படகுகள் மீது மோதிய விபத்துகளில் குமரி மாவட்ட மீனவர்களும் உயிரிழந்துள்ளனர். 2018 ஆகத்து 7 அன்று கேரளத்தின் சேட்டுவா கடற்பகுதியில் நிகழ்ந்த விபத்தில் படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குமரி மாவட்டத்தினர். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் 14 பேருடன் சென்ற படகு ஒரு சரக்குக் கப்பலுடன் மோதியதில் இருவர் மட்டுமே உயிருடன் மீட்கப்பட்டனர். இவ்விபத்துகளுக்கு ரேடாரின் மறைபகுதியே காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும், திரையில் குறி இல்லை என்பது எதிரே படகு இல்லை என்பதற்குச் சான்றாகாது என்பதை இவை நினைவூட்டுகின்றன.

எளிய தீர்வுகளில் ஒன்று மூலை எதிரொலிப்பான். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று உலோகத் தகடுகளால் ஆன இது, எத்திசையில் இருந்து அலை வந்தாலும் பெரும்பாலும் வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும். 30 செ.மீ. விளிம்புள்ள முக்கோணத் தகடுகளால் ஆனது, எக்ஸ் பட்டையில் ஏறக்குறைய 38 சதுர மீட்டர் எதிரொலிப் பரப்பைத் தரவல்லது. விளிம்பை இரு மடங்காக்கினால் இப்பரப்பு 16 மடங்காகும். தகடுகள் சிறிது வளைந்தாலும் செங்குத்துத் தன்மை கெட்டுப் பயன் குறையும் என்பது குறிப்பிடத்தக்கது. தானியங்கி அடையாள அமைப்பு பொருத்திய படகு, தன் இருப்பிடத்தைத் தானே அறிவிப்பதால் ரேடாரின் நிழலிலும் அறியப்படும். ஆனால் அக்கருவி இல்லாத படகை அவ்வமைப்பு காட்டாது.

இனங்காணும் வழிகள்

ஐயத்திற்குரிய குறி தோன்றும்பொழுது கீழ்க்காணும் வினாக்கள் பயன்படும்.

- அதே தொலைவில் வேறு திசையில் வலிமையான குறி உள்ளதா? ஆம் எனில் மறைமுக எதிரொலியாகவோ பக்கமடல் எதிரொலியாகவோ இருக்கலாம்.
- அதே திசையில் சம இடைவெளியில் குறிகள் உள்ளனவா? ஆம் எனில் பன்முறை எதிரொலி.
- குறி புகைபோக்கி அல்லது கம்பத்தின் திசையில் உள்ளதா? கப்பலைச் சிறிது திருப்பினால் மறைகின்றதா? ஆம் எனில் மறைமுக எதிரொலி.
- தொலைவு அளவீட்டை மாற்றினால் குறியின் தொலைவு தாவுகின்றதா? ஆம் எனில் இரண்டாம் சுற்று எதிரொலி.
- பெருக்கத்தைக் குறைத்தால் எது முதலில் மறைகின்றது? பொய்க்குறிகள் பொதுவாக முதலில் மறையும். எனினும் சிறு படகும் அவ்வாறே மறையும் என்பதால் இச்சோதனை மட்டும் போதாது.
- மற்ற ரேடாரில் குறி தெரிகின்றதா? எக்ஸ், எசு பட்டை ஆண்டெனாக்கள் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் இரண்டிலும் ஒரே பொய் தோன்றுதல் அரிது.

மறைபகுதியை இனங்காண, சிற்றலைகள் உள்ள கடலில் கப்பலை மெதுவாகச் சுற்றித் திருப்பி, ஒரு மிதவையின் குறி எக்கோணங்களில் மறைகின்றது எனக் குறிப்பர். கடலலை எதிரொலி இல்லாமல் கருமையாகத் தெரியும் ஆரைப்பகுதிகளும் நிழலையே காட்டும். இவ்வாறு அறியப்பட்ட கோணங்கள் வரைபடமாக ரேடாரின் அருகில் வைக்கப்படுகின்றன. கடலில், முகப்பைச் சில பாகைகள் மாற்றிப் பார்ப்பதன் மூலம் நிழலில் உள்ளவற்றை வெளிக்கொணரலாம்.

குறி பொய்யென்று உறுதியாகும் வரை அதனை உண்மையாகவே கருதுதல் வேண்டும். இல்லாத கப்பலுக்கு ஒதுங்கினால் சில நிமிடங்களே வீணாகும். இருக்கும் படகைப் பொய்யென்று எண்ணினால் உயிர்கள் போகும்.

வரலாற்று நிகழ்வுகள்

1943 சூலை மாத இறுதியில் அலூசியன் தீவுகளில் உள்ள கிஸ்கா அருகே, அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ரேடாரில் தெரிந்த குறிகளைச் சப்பானியக் கப்பல்கள் எனக் கருதி ஆயிரம் அளவிலான பெரும் குண்டுகளைச் சுட்டன. அங்கு எக்கப்பலும் இருக்கவில்லை. தொலைவில் உள்ள தீவு மலைகளின் இரண்டாம் சுற்று எதிரொலிகள் என்றும், கடற்பறவைக் கூட்டங்கள் என்றும் இதற்கு விளக்கங்கள் கூறப்பட்டுள்ளன.

1956 சூலை 25 அன்று அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் ஆந்திரியா தோரியா, ஸ்டாக்ஹோம் ஆகிய பயணிகள் கப்பல்கள் மோதியதில் 51 பேர் இறந்தனர். இரு கப்பல்களிலும் ரேடார் இயங்கிக்கொண்டிருந்தது. இரு தரப்பினரும் மற்ற கப்பலின் குறியைக் கண்டும், அதன் போக்கை வெவ்வேறாகப் பொருள்கொண்டனர். உண்மையான எதிரொலியும் தவறாகப் படிக்கப்பட்டால் பொய்யைப் போலவே கேடு தரும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

விதிமுறைகள்

1972 இல் உருவாகி 1977 இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின் 5 ஆம் விதி, கண்ணாலும் காதாலும் கண்காணிப்பதை எக்காலத்திலும் கட்டாயமாக்குகின்றது. 6 ஆம் விதி, சிறு படகுகள் ரேடாரில் தெரியாமல் போகலாம் என்பதைக் கணக்கிற்கொண்டு வேகத்தை வரையறுக்கச் சொல்கின்றது. 7 ஆம் விதி, போதாத ரேடார்த் தகவலை நம்பி முடிவெடுப்பதைத் தடை செய்கின்றது.

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் வழிகாட்டுதல்களின்படி, கப்பலின் நேர்முன்திசையில் இருந்து இருபுறமும் பக்கவாட்டுக்கு 22.5 பாகை பின்வரை உள்ள பரப்பில் குருட்டுப் பகுதி அமையக்கூடாது. எஞ்சிய பின்பரப்பில் தனித்த குருட்டுப் பகுதி 5 பாகைக்கும், அவற்றின் கூட்டுத்தொகை 20 பாகைக்கும் மிகாமல் இருக்க வேண்டும். 3,000 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள கப்பல்களில் இரு ரேடார்கள் இருக்க வேண்டும் என்னும் விதியும், ஒன்றின் மறைபகுதியை மற்றொன்று ஈடுசெய்ய உதவுகின்றது.

இவற்றையும் பார்க்க

- ரேடார்
- டாப்ளர் விளைவு
- எதிரொலி
- வானலை
- ஏலமலை
- தானியங்கி அடையாள அமைப்பு